ஸ்டிக் சாய்ந்த பக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. கிரேன் மெக்கானிக்கை நாங்கள் ‘ஸ்பேனர்’ என்றுதான் கூப்பிடுவோம். அந்த மனுஷன் இன்ஜினியர் முன்னால் நின்றுகொண்டு என் இடது கையைக் காட்டினான்.

“லிவரை ரெண்டு தடவை மாத்திட்டேன் சார். இனிமே மாத்தணும்னா அந்தக் கையைத்தான் மாத்தணும்.”

நான் டவர் கிரேன் ஓட்டுகிறவள். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் ஒரு இருக்கை, இரண்டு பக்கமும் இரண்டு லிவர். வலது கை லிவர் கொக்கியை ஏற்றி இறக்கும். இடது கை லிவர் கிரேனின் நீளக் கையைச் சுழற்றும். லிவரிலிருந்து கையை எடுத்தால் சுற்றுவது நிற்க வேண்டும். போன மாதம் எடுத்த பிறகும் சுற்றியது. கம்பிக்கட்டு ஒன்று கீழே நின்றவனின் ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டு போனது.

கீழே நின்றவன் என் தம்பி. சிக்னல் காட்டுகிற வேலை அவனுக்கு. அந்த வேலையை இன்ஜினியரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவன் வாக்கி டாக்கியில் சிரித்தான்.

“அக்கா, முடி வெட்டத்தான் சலூன்ல மாமா இருக்காரே, நீ எதுக்குச் சிரமப்படுற?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லிவர் சிக்குகிறது என்று ஸ்பேனரிடம் சொன்னேன், மாற்றினான். மறுபடி சுற்றியது, மறுபடி மாற்றினான். அன்று காலை மூன்றாவது முறையாகக் கட்டு நிற்காமல் போய்த் தம்பியின் சட்டைக் கையைக் கிழித்துவிட்டது. தோலில் ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் இந்த முறை அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

இன்ஜினியர் நல்ல மனிதர், அதுதான் தொல்லை. “நாளைக்குக் கண்ணாடி ஏத்துறோம். ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல, இடுக்குல. உன் தம்பிதான் கீழ நிப்பான். கை சரியா இருக்குன்னு நீ சொன்னா நீ ஏறு. உன் வார்த்தையை நான் நம்பறேன்” என்றார். காற்று அதிகமாக இருந்ததால் வேலையை நிறுத்தி மதியமே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது ஸ்பேனரை மனதுக்குள் பிரித்து மேய்ந்துகொண்டே வந்தேன். என் கை நன்றாக இருக்கிறது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. ஒரு நாள் ஆதாரம் இல்லை, ஒரு வருஷத்து ஆதாரம்.

அது ஒரு வீடியோ கேம். அந்தரத்தில் மிதக்கிற ஒரு மேடை, அதன் மேல் இரண்டு பொம்மைகள் அடித்துக்கொள்ளும். அடி வாங்கினால் உயிர் குறையாது, ஒரு எண் ஏறும். எண் ஏற ஏற, அடுத்த அடிக்கு இன்னும் தூரமாகப் பறக்க வேண்டியிருக்கும். திரையை விட்டு வெளியே போனால் ஒரு உயிர் காலி. ஆளுக்கு நான்கு உயிர். நானும் என் வீட்டுக்காரரும் சந்தித்ததே ஒரு கேம் சென்டரில், இந்த ஆட்டத்தில்தான். அங்கே அவருக்கு ‘நத்தை’ என்று பெயர். அவசரமே படமாட்டார். ஆனால் ஆட்டத்தைச் செய்தவர்கள் யாருக்கும் சொல்லாமல் உள்ளே வைத்த நுணுக்கமெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரைச் சுலபத்தில் சாகடிக்க முடியாது. செத்தான் என்று நினைத்துக் கையை எடுப்போம், விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்.

இப்போது அவர் சொந்தமாக ஒரு சலூன் வைத்திருக்கிறார். தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு ஆட்டம் போடுவோம். அவருக்கு அது விளையாட்டு. எனக்கு அது சோதனை. இடது கை விரல்கள் முன்போல் இல்லை என்ற சந்தேகம் வந்ததிலிருந்து இப்படித்தான். ஜெயித்தால் கை சரி, மேலே ஏறலாம். தோற்றால் ஏறக் கூடாது. இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் டாக்டர், ஊசி, ஸ்கேன் என்று ஆரம்பித்துவிடுவார். அந்த வருஷம் முழுக்க நான் தோற்கவே இல்லை. அவர் நெற்றியில் அடித்துக்கொள்வார்.

“போச்சு! இன்னைக்கும் மண்ணைக் கவ்வ வச்சுட்டியே!”

வீட்டுக்கு வந்ததும் டிவியைப் போட்டேன். ஆடுகிற ஒவ்வொரு ஆட்டமும் அதில் பதிவாகியிருக்கும். அன்று காலை ஆடியதை மறுபடி ஓடவிட்டு, போனில் படமெடுத்து இன்ஜினியருக்கு அனுப்பி, ஸ்பேனரின் மூக்கை உடைப்பதுதான் திட்டம். இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால், ஆடியவர்களின் விரல் என்ன செய்தது என்பதும் திரையின் அடியில் தெரியும். ஆளுக்கு ஒரு வட்டம், அதற்குள், கன்ட்ரோலரில் இருக்கிற ஸ்டிக் என்ற குட்டிக் குச்சி சாய்கிற பக்கம் நகர்கிற ஒரு புள்ளி, பக்கத்தில் பட்டன்களின் விளக்குகள். இப்படி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. என் கைவேகத்தை அப்பட்டமாகக் காட்டலாம் என்று அதையும் போட்டேன்.

முதலில் என்னுடையதைத்தான் பார்த்தேன். என் ஆட்டமே சின்னத் தாவலில்தான் இருக்கிறது. பட்டனைத் தொட்ட உடனே விட்டுவிட்டால் சின்னத் தாவல், ஒரு கணம் தாமதித்தாலும் பெரிய தாவல். அந்த ஆட்டம் முழுவதும் தேடினேன். ஒரு சின்னத் தாவல் கூட இல்லை. இடது பக்கத்துத் தாவல் பட்டனை நான் தட்டிய ஒவ்வொரு முறையும் அதன் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. நான் விட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். விரல் விடவில்லை.

லிவரும் இப்படித்தானே?

ஆனாலும் நான் ஜெயித்திருந்தேனே! எப்படி ஜெயித்தேன்? அப்போதுதான் அவருடைய வட்டத்தைப் பார்த்தேன்.

அடி விழுகிற அந்தக் கணத்தில் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, பறக்கிற பாதை அதற்கேற்ப வளையும். மேடைப் பக்கம் சாய்த்தால் பிழைக்கலாம், வெளிப்பக்கம் சாய்த்தால் சாவு. நத்தை அந்தக் காலத்தில் சாகாமல் இருந்ததன் ரகசியமே அதுதான். இப்போது எண் ஏறியிருந்த ஒவ்வொரு முறையும், என் அடி விழுந்த அதே கணத்தில், அவருடைய புள்ளி வெளிப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. தப்பித் தவறி ஒரு முறை கூட உள்ளே வரவில்லை.

விளிம்பில் விழும்போது ஸ்டிக்கைக் கீழே அழுத்தினால் பொம்மை விளிம்பைப் பிடிக்காது. பார்ப்பவருக்கு, பாவம், கைநழுவிய மாதிரி இருக்கும். அவர் அழுத்தியிருந்தார். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதன் வலு குறைந்துகொண்டே போகும். அவர் அந்த ஆட்டம் முழுக்க ஒரே உதையைத்தான் உதைத்திருந்தார், நான் பிழைத்துக் கிடப்பதற்காக. பிழைக்கக் கற்ற வித்தை அத்தனையையும் தலைகீழாக்கிச் சாவதற்குப் பயன்படுத்தியிருந்தார்.

போன வாரத்து ஆட்டத்தைப் போட்டேன், போன மாதத்து ஆட்டத்தைப் போட்டேன், அதற்கு முந்தையதையும் போட்டேன். எல்லாம் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு வருஷம் என் காதில் பூ சுற்றியிருக்கிறார், நானும் தலையை ஆட்டி ஆட்டி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் அவர் வந்தபோது திரை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றியவர் வட்டங்களைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“எத்தனை நாளா?” என்றேன்.

“உன் கையில இருந்து டம்ளர் விழுந்து உடைஞ்சுதே, அப்ப இருந்து.” அவர் வாசலிலேயே நின்றார். “கை முன்ன மாதிரி இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. தோத்தா நீ அதையே நினைச்சு உடைஞ்சு போயிடுவ. கேம்தானேன்னு விட்டேன்.”

“கேம்தானா? இதை வச்சுத்தான் தினமும் மேல ஏறினேன்! ஜெயிச்சா ஏறுறது, தோத்தா ஏறக் கூடாதுன்னு. கீழ தம்பி நிக்கிறான். இன்னைக்கு அவன் சட்டை கிழிஞ்சுது.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நீ சொல்லவே இல்லையே” என்றார், மெதுவாக.

“நீங்க மட்டும் சொன்னீங்களா?”

நான் ஒரு கன்ட்ரோலரை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

“ஆடுங்க. ஒழுங்கா ஆடணும். தம்பி மேல சத்தியம்.”

“வேண்டாம்மா.”

“சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினார். ஆடினோம். நான் எகிறிய இடத்தில் எல்லாம் எனக்கு முன்னால் போய் நின்றார். சின்னதாகத் தாவ நினைத்தேன், பொம்மை வானத்துக்குப் போனது, அங்கேயே அடித்தார். ஒரு உயிர் போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவதில் எப்படியோ ஒரு உதை அவர் மேல் சரியாக விழுந்து அவர் வெளியே பறந்தார். அதன் பிறகு எதுவும் கிடைக்கவில்லை. நான்காவது உயிர் போனபோது என் இடது விரல் பட்டனிலேயே இருந்தது. வலது கையால் அதை எடுத்துவிட்டேன்.

முதலில் இன்ஜினியருக்கு போன் போட்டேன். நாளைக்கு நான் ஏறவில்லை, லிவரில் ஒரு குறையும் இல்லை, ஸ்பேனர் சொன்னதுதான் சரி என்றேன். பிறகு தம்பிக்குப் போட்டேன். அவனிடமும் அதையே சொன்னேன்.

“நாளைக்கு மட்டும்தானக்கா?”

“இல்லடா” என்றேன்.

போனை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேபினின் உயரம், அங்கிருந்து தெரிகிற கூரைகள், எல்லாம் போய்விட்டது. கையில் மிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை நான் விடுவதாக இல்லை.

“ஒண்ணு எடுத்தேன்ல? உங்ககிட்ட இருந்தே ஒரு உயிரை எடுத்தேன். அப்ப கை மொத்தமா போயிடல.”

அவர் கன்ட்ரோலரின் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“சத்தியம் பண்ணீங்களே” என்றேன்.

“பண்ணினேன்” என்றார். “உன் மூஞ்சியைப் பாத்தேன். அந்த ஒண்ணுல மட்டும் முடியல.”

நான் அவரைத் திட்டவில்லை. எழுந்து போய் டிவியை அணைத்தேன்.