எல்லாத்துக்கும் ஒரே லென்ஸ்

மணிக்கூண்டு ஆடிக்கொண்டிருந்தது.

எதிர்ச்சரிவில் இருந்த கோயிலைத்தான் அமல் கேமராவில் இழுத்துப் பிடித்திருந்தான். கேமராவின் முதுகிலிருந்த சின்னத் திரையில் அந்த மணிக்கூண்டு ஓரிடத்தில் நிற்காமல் இடமும் வலமுமாகத் துள்ளியது. அவன் தோளுக்குப் பின்னால் நின்று அவன் மனைவி சுஜிதா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சைடுல இருக்க சுவிட்சத் தள்ளுங்கண்ணே. தள்ளிட்டு பட்டன பாதி அமுக்குங்க" என்றான் விக்னேஷ்.

அமல் தள்ளினான். லென்ஸுக்குள் ஏதோ பூச்சி முனகுவதுபோல் மெல்லிய சத்தம் கேட்டது. மணிக்கூண்டு நின்றுவிட்டது. சிலுவை, அதன்மேல் உட்கார்ந்திருந்த காக்கை, சுண்ணாம்பு உதிர்ந்த இடம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

"ஏசுவே!" என்றான் அமல், சிறுபிள்ளை மாதிரி.

நாயுடுபுரத்தில் விக்னேஷின் ஸ்டுடியோ மாடியில் இருந்தது. கல்யாணம், புதுநன்மை, மஞ்சள் நீராட்டு என்று மலை முழுக்கப் படம் எடுக்கிறவன் அவன். பெரிய கேமராவுக்கு மாறிவிட்டதால் பழையதுக்கான லென்ஸ்களை விற்க வைத்திருந்தான். மேசையில் இரண்டை எடுத்து வைத்திருந்தான். ஒன்று கைக்குள் அடங்குகிற குட்டை லென்ஸ். இழுக்கவும் முடியாது, சுருக்கவும் முடியாது, ஆனால் முகம் எடுத்தால் இமை மயிரை எண்ணலாம். இன்னொன்று இதுதான், பருத்தது.

"இது ஒண்ணு போதும்ணே. அந்த சுவிட்சப் போட்டா ஆட்டத்த உள்ளயே புடிச்சு நிறுத்திரும். பக்கத்துல இருக்க மூஞ்சியும் எடுக்கலாம், தூரத்துல இருக்க மலையும் எடுக்கலாம். பனிக்குள்ள நின்னு கழட்டி மாட்டுற சோலியே இல்ல. கோயிலுக்குள்ள இருட்டுல எடுக்க ஆகாது, ஓரமெல்லாம் கொஞ்சம் மங்கும். உங்க வேலைக்கு அது பரவால்ல."

அமல் கொடைக்கானலில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறான். மற்ற டிரைவர்கள் வியூ பாயிண்டில் வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போவார்கள். அமல் கேமராவை எடுத்துக்கொண்டு விருந்தாளிகளோடு இறங்குவான். அவன் எடுக்கிற படங்களுக்காகவே ஆட்கள் மறுபடி போன் செய்து அவன் வண்டியைக் கேட்டார்கள். சாயங்காலம் சுஜிதா பள்ளி நூலக வேலை முடிந்து வந்ததும், படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நல்லதாகப் பொறுக்கி, அவரவர் போனுக்கு அனுப்பிவைப்பாள். கொஞ்ச நாளாக அனுப்ப முடியாத படங்கள் கூடிக்கொண்டே வந்தன. முகங்களெல்லாம் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தன. லென்ஸ் பழசாகிவிட்டது என்றான் அமல். அவளும் நம்பினாள்.

"நான் ஒருக்கா பாக்கட்டா?" என்று கேமராவை வாங்கினாள். சுவிட்சை அணைத்துவிட்டு, அதே தூரத்துக்கு இழுத்து, அதே மணிக்கூண்டைப் பிடித்தாள். கேமரா பிடித்துப் பழக்கமில்லாத கை அவளுடையது. திரையில் மணிக்கூண்டு லேசாக அசைந்தது, மூச்சு விடுவதுபோல. அவ்வளவுதான். துள்ளவில்லை.

அவள் நிமிர்ந்தபோது விக்னேஷ் திரையைப் பார்க்கவில்லை. அமலின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று மேசையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"நாளைக்கு வச்சு எடுத்துப் பாருங்கண்ணே. புடிச்சா வச்சுக்கங்க" என்றான், குனிந்தபடியே.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அமல் பேசிக்கொண்டே வந்தான். அவள் கியர்மேல் கிடந்த அவன் இடது கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டே இருந்தது, பீடி உருட்டுவதுபோல. எத்தனையோ மாதமாக அவள் கண்ணில் பட்டும் படாமலும் போன சங்கதிகள் இப்போது ஒவ்வொன்றாக வந்து நின்றன. டீ கிளாஸை அவன் இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கியது. குளிர் என்று நினைத்தாள். கோயில் பூசையில் எல்லோரும் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரத்தில் இடது கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தது. சட்டைப் பித்தான் போட்டுவிடச் சொன்னது. கொஞ்சுகிறான் என்றுகூட நினைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. திருப்பூரிலிருந்து வந்த இளம் தம்பதியை மன்னவனூருக்குக் கூட்டிப்போக வேண்டும். கல்யாணமான புதிதில் வந்து அமலின் வண்டியில் சுற்றியவர்கள். இப்போது அந்தப் பெண் மாசமாக இருந்தாள், வயிறு தெரிந்தது. அதே இடத்தில் அதே மாதிரி படம் வேண்டும் என்று அமலைத்தான் கேட்டு வந்திருந்தார்கள்.

"நானும் வாரேன். அன்னக்கொடியப் பாத்து நாளாச்சு" என்றாள் சுஜிதா. அன்னக்கொடி மன்னவனூரில் பூண்டு போடுகிறவள். அவள் வீட்டுக்காரன் கந்தவேல் காய்கறி ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறான். அமல் முன் இருக்கையில் கிடந்த கேமராப் பையை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

பூம்பாறைப் பிரிவு தாண்டும்வரை எல்லாம் சரியாகவே இருந்தது. அவன் எப்போதும்போல் நிதானமாக ஓட்டினான். ஸ்டீயரிங்கைப் பிடித்த இரண்டு கைகளும் அசையாமல் இருந்தன. நான்தான் கற்பனை செய்துகொண்டேனோ என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்த பெண் கணவனிடம் எதையோ சொல்லிச் சிரித்தாள்.

பைன் மரங்கள் முடிந்து சாலை குறுகிய இடத்தில், மேலே இருந்து பஸ் வந்தது. அமல் பின்னால் எடுத்து, பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினான். பஸ் உரசுவதுபோல் கடந்துபோனது. மறுபடி ஏற்றத்தில் கிளப்பப் பார்த்தான். இடது கை கியரைத் தள்ளியது. விழவில்லை. மறுபடி தள்ளினான். வழுக்கியது. வண்டி பின்னால் உருண்டது. கீழே பூண்டு வயல்கள் படிப்படியாக இறங்குவது சுஜிதாவின் ஜன்னலில் தெரிந்தது. சாலையின் ஓரம் தெரியவில்லை. ஒரு டயர் மண்ணில் இறங்கிக் கல் உருளும் சத்தம் கேட்டது. அமல் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். வண்டி நின்றது.

பின்னாலிருந்த பெண்ணின் ஒரு கை வயிற்றின்மேலும் இன்னொரு கை சுஜிதாவின் இருக்கை விளிம்பிலும் இருந்தது.

"கியர் பாக்ஸு பழசாயிருச்சு" என்றான் அமல். "பயப்படாதீகம்மா."

இந்த முறை கியர் விழுந்தது. வண்டி ஏறியது. லென்ஸ் பழசு, கியர் பாக்ஸ் பழசு என்று சுஜிதா மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மடியிலிருந்த பையின் வாரைச் சுற்றிய விரல் வெளுத்திருந்தது.

மன்னவனூர் புல்வெளியில் வெயில் விட்டு விட்டு அடித்தது. ஏரிக்கு மேலே செம்மறிகள் மேய்ந்தன. அமல் அவர்களை நடக்கவிட்டு, நிற்கவிட்டு, சிரிக்கவைத்து எடுத்தான். கிட்டத்தில் எடுத்தான், அதே இடத்தில் நின்றபடியே லென்ஸை இழுத்துத் தூரத்திலும் எடுத்தான். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் தனியே நடந்துபோவதை அவளுக்குத் தெரியாமலே எடுத்தான். பிறகு சுஜிதாவிடம் ஓடிவந்தான்.

"பாரு. ஒவ்வொண்ணாப் பாரு."

அவள் பார்த்தாள். ஒன்றுகூட ஆடவில்லை. காற்றில் பறந்த முந்தானையின் நூல்கூடத் தெரிந்தது. அவன் நன்றாகப் படம் எடுக்கிறவன். எங்கே நிற்க வேண்டும், எப்போது அமுக்க வேண்டும் என்பது அவனுக்குள் இருந்தது. அது எங்கேயும் போய்விடவில்லை.

"நான் சொன்னேன்ல? லென்ஸுதான்" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. கை ஆடுவதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். வாங்கிவிட்டால் போதும். இனி ஆடிய படம் ஒன்றும் வீட்டுக்கு வராது. தினமும் நல்ல படங்களாகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஒருநாள் ஏதோவொரு வளைவிலிருந்து போன் வருகிறவரைக்கும்.

கேமராவைக் கையில் வைத்துப் பார்ப்பதுபோல் திருப்பினாள். பெருவிரலால் சுவிட்சைத் தள்ளி அணைத்தாள்.

"என்னைய ஒண்ணு எடுங்க. அந்த வேலி வரைக்கும் போறேன். முகம் மட்டும் வரணும்."

வேலி ஓரம் போய் நின்றாள். வெயில் போயிருந்தது. ஏரிப்பக்கமிருந்து பனி ஏறத் தொடங்கியிருந்தது. அவன் லென்ஸை முழுக்க இழுப்பது தெரிந்தது. எடுத்தான். திரையைப் பார்த்தான். மறுபடி எடுத்தான். மறுபடி பார்த்தான். பிறகு லென்ஸின் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றான்.

அவள்தான் நடந்து வந்தாள்.

"நீயா அமத்துன?"

"ஆமா."

திரையில் இருந்தது. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிர் நிறத்தில் ஓர் இழுப்பு. கண் இரண்டும் கோடாக ஓடியிருந்தன.

"எப்பருந்து தெரியும்?" என்றான்.

"நேத்து, விக்னேஷ் கடையில. அதுக்கு முன்னாடியும் தெரிஞ்சுதான் இருந்துருக்கு போல. நான் பாக்கல."

"எனக்குப் போன பனிக்காலத்துலயே தெரியும். வண்டி கழுவிட்டு நின்னேன், கை தன்னால ஆடுச்சு. குளிருன்னு நெனச்சேன். வெயில் வந்துருச்சு. இது நிக்கல."

"அப்ப லென்ஸு பழசுன்னு சொன்னதெல்லாம்?"

அவன் செம்மறிகளைப் பார்த்தான். "நீ கம்ப்யூட்டர்ல படம் பாப்பேல்ல. நான் அடுப்படியில நின்னு உன் மூஞ்சியத்தான் பாப்பேன். ஒரு படம் ஆடியிருந்தா உன் நெத்தி சுருங்கும். அது சுருங்காம இருக்கணும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

அழுதால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று தெரிந்ததால் அவள் அழவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம். மதுரைக்கே போவோம்."

"போனா அதுக்கு ஒரு பேரு வப்பாக. பேரு வச்சுட்டா அப்புறம் அது நம்ம வீட்டுலயேதான் கெடக்கும்." குரலைத் தாழ்த்தினான். "வண்டியில ஆடலடி. ஸ்டீயரிங்கப் புடிச்சா அது பாட்டுக்கு நிக்குது. சத்தியமா."

"கியரு?"

அவன் இடது கையைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அந்தப் புள்ள வயித்தப் புடிச்சிச்சே, பாத்தீங்களா?"

"கண்ணாடியில பாத்தேன்."

பனி வேலியை எட்டியிருந்தது. அந்தத் தம்பதி ஏரிக்கரையிலிருந்து திரும்பி நடந்துவருவது தெரிந்தது. சுஜிதா வேகமாகப் பேசினாள்.

"லென்ஸ வாங்கிக்குவோம். வேணாங்கல. படத்துக்கு அது இருக்கட்டும். ரோட்டுல எது வந்து புடிக்கும் உங்கள? கந்தவேல் அண்ணன் வீட்டுலதான் இருக்காரு. அவர ஓட்டச் சொல்லுவோம்."

"இன்னைக்குச் சரி. நாளைக்கு? ஸ்டாண்டுல ஒருத்தனுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே ஊர் பூராம் தெரியும். அமலு கை ஆடுதுன்னு. அப்புறம் எவன் ஏறுவான் என் வண்டியில?"

அவள் தோளில் கிடந்த கைப்பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"சாவியக் குடு, சுஜி."

வந்ததும் வண்டியில் சால்வை எடுக்கப் போனவள் வண்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டு வைத்திருந்தாள். தரமாட்டேன் என்று சொல்லலாம். புல்லுக்குள் வீசிவிடலாம். இந்த மனிதன் யாரோடும் சண்டை போட்டதில்லை, பிடுங்க மாட்டான். ஆனால் பிறகு வாழ்நாளெல்லாம் அவளல்லவா அவனிடமிருந்து வண்டியைப் பிடுங்கியவளாக இருப்பாள். பையைத் திறந்து சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் வண்டியை நோக்கி நடந்தான். அவள் பின்னால் நடந்தாள்.

"பனி மூடுறதுக்குள்ள வெரசா எறங்கிரலாமாண்ணே?" என்றான் அந்தப் பையன், கதவைத் திறந்து மனைவியை ஏற்றியபடி. "இவளுக்குக் கொஞ்சம் பயமா இருக்காம்."

அமல் டிரைவர் பக்கத்துக் கதவருகே நின்றான். இடது கையில் சாவிக்கொத்து. அது கிலுங்கியது. காற்று இல்லை, அவன் நகரவும் இல்லை. கிலுங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்த பெண் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். அவள் கணவனும் பார்த்தான். பைக்குள் கையைப் போட்டுக்கொள்வான் என்று சுஜிதா காத்திருந்தாள். அவன் போடவில்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அவனும் குனிந்து பார்த்தான்.

"தம்பி" என்றான். குரல் கரகரத்தது. "எனக்கு இந்தக் கை சரியில்ல. காலையில வண்டி வழுக்குனது கியர் பாக்ஸால இல்ல. இங்க எங்களுக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரு. இந்த ரோட்டுலயே பொறந்து வளந்தவரு. அவரு ஓட்டுவாரு. நான் பக்கத்துல உக்காந்து வாரேன்."

அந்தப் பையனின் முகத்தில் முதலில் கோபம் வந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தான். உள்ளிருந்து அவன் மனைவி கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"என்னாச்சுண்ணே கைக்கு?" என்று அமலைக் கேட்டாள்.

"தெரியலம்மா" என்றான் அமல். "இனிமேத்தான் பாக்கணும்."

சுஜிதா போன் செய்ததும் கந்தவேல் வர ரொம்ப நேரம் ஆகவில்லை. தோட்டத்து மண் ஒட்டிய காலைப் புல்லில் தேய்த்துவிட்டு ஏறினான். கூட வந்த அன்னக்கொடி ஒரு பை பூண்டை சுஜிதாவின் கையில் திணித்தாள். காலையில் காய்கறி வண்டி ஒன்றில் திரும்பிவிடுவதாகக் கந்தவேல் சொன்னான். அமல் இடதுபக்க இருக்கையில் ஏறினான். தன் வண்டியில் அந்தப் பக்கம் அவன் உட்காருவது அதுதான் முதல்முறை. பெல்ட் எங்கே இருக்கிறது என்று கை தேடியது.

சுஜிதா பின்னால், கந்தவேலின் முதுகுக்கு நேரே இருந்தாள். பூம்பாறை வருவதற்குள் பனி முழுக்க மூடிவிட்டது. விளக்குப் போட்டும் கொஞ்சதூரம்தான் தெரிந்தது. கந்தவேல் நிதானமாக ஓட்டினான். பக்கத்திலிருந்த பெண் மெல்ல மெல்லத் தூங்கிப்போய் சுஜிதாவின் தோளில் சாய்ந்தாள். அசையாமல் இருந்துகொண்டு, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தெரிந்த இடைவெளியை சுஜிதா பார்த்தாள்.

ஒரு வளைவு வந்தது. பனிக்குள் அது வருவது கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஆனால் அமலின் வலது கால் எழுந்து, ஒன்றுமில்லாத ரப்பர் விரிப்பின்மேல் மெதுவாக அழுந்தியது. அதற்கப்புறம்தான் கந்தவேல் பிரேக்கை மிதித்தான். வண்டி திரும்பி நேரானதும் அந்தக் கால் விரிப்பை விட்டு எழுந்து, அடுத்த வளைவுக்காகக் காற்றில் காத்திருந்தது.