நாலையும் பூட்டிப்போட்டு இறங்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார் என்னுடையது. அந்த நீல நிற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை மூன்று மாதமாக விளம்பரம் விளம்பரமாகத் தேடி, ஹமில்டன் வரை போய் ஓடிப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்தவன் பிரியந்தனாகிய நான். என் மனைவி அட்சயா அப்போது என்ன சொன்னாள் தெரியுமா? "உதில ரெண்டு பேர்தானே இருக்கலாம், விசரே உங்களுக்கு?" அதை இப்போது ஒருத்தரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

இங்கே கனடாவில் நான் ஏசி, ஹீட்டர் திருத்துகிறவன். சாமான்களோடு என் வான் வண்டியில் போனால்தான் வேலை நடக்கும். அதனால் மோர்னிங்சைட்டிலுள்ள வீட்டிலிருந்து மார்க்கம் என்ற பக்கத்து ஊர் ஒஃபிஸுக்குத் தினமும் அந்தக் காரில் போய்வந்தவள் அட்சயா. மாதத்தில் ஒரு ஞாயிறு, நகரத்துக்கு வெளியே உள்ள ட்ராக்கில் அதை வேகமாக ஓடுவது நான். அப்படித்தான் ஏற்பாடு. போன வருடம் ஒருநாள், "நானும் ஒருக்கால் ஓடிப் பாக்கட்டே?" என்று கேட்டாள். பாவம், ஆசைப்படுகிறாள் என்று ஹெல்மெட்டைக் கொடுத்தேன். அன்று பின்னேரத்துக்குள் என்னைவிட ஒரு செக்கன் குறைவாகச் சுற்றிவிட்டு வந்து, "போதுமோ?" என்று சிரித்தாள்.

எரிச்சல் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சோறு இறங்காத எரிச்சல். ஒரு பிறந்தநாள் விழாவில் என் சொந்த மச்சான் றோய், முப்பது பேருக்கு முன்னால், "டேய், மனுசியிட்டப் பழகுமன், ரெண்டு கிளாஸ் சும்மா எடுப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

பிழை காரில்தான் என்று முடிவு செய்தேன். குலுக்கத்தைத் தாங்கும் ஷொக்கும் ஸ்பிரிங்கும் பழசு. நல்லதாக மாற்றினால் நான் யாரென்று தெரியும்.

ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கும் றெமிஜியஸ் அண்ணையிடம் போனோம். மன்னார் ஆள், கையில் நல்ல வேலை. இருப்பதிலேயே கட்டியான ஸ்பிரிங்கின் படத்தை ஃபோனில் காட்டினேன். பன்னிரண்டு கிலோ. அதை ஒரு மில்லிமீற்றர் அமுக்கவே பன்னிரண்டு கிலோ பாரம் வைக்க வேண்டும்.

அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உதைப் போட்டால் அது காரில்லைத் தம்பி, மாட்டுவண்டில். பனி முடிய ரோட்டில வாற குழியளுக்குப் பல்லுக் கழண்டுபோம். ஆர் நெடுக ஓடுறது?"

"நான்தான் அண்ணை," என்றாள் அட்சயா.

"அப்ப பிள்ளையின்ர இடுப்பு நாரியைத்தான் கேக்கவேணும்." தான் இருந்த கதிரையை அவள் பக்கம் திருப்பிவிட்டார். அதோடு என் கதை முடிந்தது. "வளைவில திருப்பேக்க கார் என்ன செய்யுது?"

"திருப்பத் தொடங்கேக்க முன்பக்கம் கொஞ்சம் யோசிக்குது. பிறகு சரிஞ்சு போய், நிமிர நேரம் எடுக்குது."

அண்ணை மேசையில் ஓங்கித் தட்டினார். "பாத்தியே! இருபது வருசமா இப்பிடிச் சொல்லுற ஒரு கஸ்டமரைத்தான் தேடினனான்."

எட்டு வருடமாக என் வானை அவரிடம்தான் திருத்தக் கொடுக்கிறேன். ஒருநாள் எனக்காக மேசையில் தட்டியிருப்பாரா?

கடைசியில் அவர்கள் இருவரும்தான் தெரிவு செய்தார்கள். நடுத்தரமான ஆறு கிலோ ஸ்பிரிங். நாலு ஷொக்கின் தலையிலும் ஒவ்வொரு குமிழ். அதை வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் திருகினால் இளகும். ஒஃபிஸ் போகிற நாளில் இளக்கிவிடலாம், ட்ராக்கில் இறுக்கிவிடலாம். நல்ல தெரிவுதான், சொல்லவே வாய் கசக்கிறது. அதைப் பூட்டிய பிறகு என் நேரம் அரைச் செக்கன் குறைந்தது. அவளுடையது இரண்டு செக்கன் குறைந்தது. இனிக் காரையும் சாட்ட முடியாது.

செப்டெம்பரில் சீசனின் கடைசி நாள் வந்தது. எங்கள் கிளப் அடுத்த வருட அணிக்கு ஆள் எடுக்கிற நாள். ஒரு காருக்கு ஒரு பெயர்தான். எங்கள் காரில் அன்றைக்கு யார் வேகமோ, அவருக்குத்தான் இடம். எனக்கு அது வேண்டும். இந்த ஊரில் எனக்கென்று நான் ஆசைப்பட்டது வேறொன்றும் இல்லை.

காலையில் நான்தான் ட்ராக் சில்லுகளைப் பூட்டினேன். மழைத் தண்ணீர் வழியத் தவாளிப்பு வெட்டாத வழுவழுப்பான டயர், காய்ந்த தரைக்கு மட்டும். ரோட்டில் ஓடும் நாலு சில்லும் என் வானுக்குள் கிடந்தன. முதலில் நான் ஓடினேன். என் வாழ்க்கையிலேயே நல்ல நேரம். ஆனாலும் அவளுடைய வழக்கமான நேரத்தை முந்த அது போதாது. அவள் முறை வர இன்னும் அரைமணித்தியாலம் இருந்தபோது தூறத் தொடங்கியது.

மழையில் ஓடி அவளுக்குப் பழக்கமில்லை. றெமிஜியஸ் அண்ணைக்குக் குரல் செய்தி போட்டாள். பதில் உடனே வந்தது. நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"பிள்ளை, கோயில்ல ஞானஸ்நானம், கனக்கக் கதைக்கேலாது. மழையெண்டால் நாலையும் பூட்டிப்போட்டு இறங்கு."

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு அது அந்த நொடியே விளங்கியது. சில்லுப் பூட்டுவது, பல்ப் பூட்டுவது, ஃபேன் பூட்டுவது என்று, மாட்டுவதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். வானுக்குள் கிடக்கிற நாலு சில்லையும் மாற்றிப் பூட்டச் சொல்கிறார். அட்சயா நாலு வயதில் கனடாவுக்கு வந்தவள். "பைப்பைப் பூட்டு, கதவைப் பூட்டு" என்று தாயார் கத்திய பூட்டுத்தான் அவளுக்குத் தெரியும். நாலு குமிழையும் கடைசி மட்டும் திருகி மூடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

பொனற்றைத் திறந்து முன்பக்கம் இரண்டையும் திருகினாள். பிறகு பின்னுக்கு வந்து டிக்கியைத் திறந்தாள். குமிழில் கை வைத்தவள் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, ஈரத்தில இறுக்கிறதோ? எனக்கெண்டால் இளக்கவேணும் போலக் கிடக்கு."

அவளுக்குத் தானாகவே தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. யாரும் சொல்லாமலே அந்தக் கார் அவளோடு கதைக்கிறது. என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை.

"அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

டக், டக் என்று பூட்டினாள். மெதுவாக ஓடட்டும், இரண்டு வளைவில் பயந்து திரும்பி வரட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். கடவுளாணை, அவ்வளவுதான்.

வேலியோரம் நின்று பார்த்தேன். முதல் சுற்று மெதுவாக வந்தாள். இரண்டாவது சுற்றில் இறக்கத்தில் உள்ள இடது வளைவில் திருப்பினாள். காரின் பின்பக்கம் தன்பாட்டுக்கு வெளியே போனது. ஒருமுறை சுழன்று, இரண்டாம் முறை சுழன்று, புல்லுக்குள் பின்பக்கமாகப் போய், டயர் அடுக்கிய சுவருக்கு இரண்டு அடி இருக்க நின்றது. "அட்சயா!" என்று நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்தியது போலிருந்தது. ஓடினேன்.

அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. காரை இழுத்துக்கொண்டு வந்து விட்டார்கள். இறங்கினாள்.

"சொறி. உங்கட காரை நாசமாக்கப் பாத்தன்," என்றாள். "எனக்கு உது சரிவராது. நீங்களே கிளப்புக்குப் பேரைக் குடுங்கோ."

நான் கேட்டது கையில் வந்து விழுந்துவிட்டது. அதை வாங்காமல், பம்பரில் ஒட்டியிருந்த புல்லைப் பிடுங்கினேன்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. றெமிஜியஸ் அண்ணை. அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன பிள்ளை, எப்பிடி ஓடினனி?"

"சுழண்டுபோச்சு அண்ணை. நீங்கள் சொன்னபடிதான் நாலு குமிழையும் பூட்டினனான்."

"குமிழோ? ஐயோ மாதாவே! நான் சில்லையெல்லோ பூட்டச் சொன்னனான்! மழைக்குக் குமிழை இளக்கவெல்லோ வேணும். சரி, ஆனைக்கும் அடி சறுக்கும், ஆள் தப்பினதே போதும். ஏனடா பிள்ளை, பிரியந்தன் பக்கத்திலதானே நிண்டவன். அவனுக்கு விளங்குமே, ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

அட்சயா என்னைப் பார்த்தாள்.

"கேட்டனான் அண்ணை," என்றாள். பிறகு, என்னிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவருக்கும் விளங்கேல்லைப் போல," என்றாள்.

எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஓம் என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும். அவள் நம்புவாள். நம்ப விரும்பித்தான் நின்றாள். கார் இன்னும் இரண்டு அடி போயிருந்தால் இந்த முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன்.

"விளங்கினது," என்றேன்.

"எப்ப?"

"நீ குமிழில கை வைக்க முந்தியே."

ஃபோனை நிறுத்தினாள். அழுவாள் என்று பார்த்தேன். ஏசுவாள் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. போய் வானைத் திறந்து, நாலு சில்லையும் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். நான் காரைத் தூக்கும் ஜக்கை எடுக்கப் போனபோது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு சில்லாகக் கழற்றி, ஒவ்வொரு சில்லாகப் பூட்டினாள். பிறகு குமிழ்களை இளக்கினாள். மழை அவள் முதுகில் பெய்துகொண்டிருந்தது. நான் ஒரு சும்மா ஆள் போல நின்றேன்.

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள்.

"நான் திரும்ப ஓடப் போறன்," என்றாள். "நீ வீட்டை போ."

கல்யாணமாகி எட்டு வருடத்தில், சண்டையில் கூட, அவள் என்னை 'நீ' என்று சொன்னதில்லை.