கோயிலுக்கு என்று சொல்லாதவள்

வேனில் பதினான்கு பெண்கள் ஏறினார்கள். பதின்மூன்று பேர் வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். களை வெட்டும் கூலிப் பெண்கள் ஒரு நாள் ஊரைத் தாண்ட வேண்டுமென்றால் சாமி கூப்பிட வேண்டும். ரிஷிவந்தியம் பக்கத்தில் அதுதான் வழக்கம்.

நிர்மலா மட்டும் புருஷன் மாயவனிடம் உள்ளதைச் சொன்னாள். செஞ்சிக் கோட்டை, அப்புறம் பாண்டிச்சேரிக் கடல்.

"கோட்டையில உனுக்கு இன்னா கீது? போனா திரும்பி வூட்டுக்கு வராத."

அவள் கிளம்பி வந்துவிட்டாள்.

"ஒரு சாமி பேரச் சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சிடும்?" என்றாள் வண்டியை வாடகைக்குப் பேசிவிட்ட காசியம்மாள்.

"திருடப் போனாத்தாங்க்கா பொய் சொல்லணும்."

கோட்டைப் படிகள் செங்குத்தாக ஏறின. பாதிப் பேர் கீழேயே புளிச்சோற்றைப் பிரித்துவிட்டார்கள். நிர்மலா உச்சி வரைக்கும் ஏறினாள். குனிந்தே பார்த்துப் பழகிய வயல், அங்கிருந்து பார்க்கக் கிழித்துப் போட்ட பச்சைத் துணியாகக் கிடந்தது. எந்த ராஜா நின்ற இடமோ, அங்கே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

கடற்கரையில் போன் அடித்தது. மாயவனின் குரல் இறங்கியிருந்தது.

"தெருவுல கேக்கறாங்க. கோயிலுக்குன்னு சொல்லிக்கினு கீறேன். எங்கனா ஒரு துன்னூறு பொட்டலம் வாங்கிக்கினு வா. இல்லன்னா வராத."

போனைக் காசியம்மாளிடம் நீட்டிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீருக்குள் நடந்தாள். அலை முகத்தில் அறைந்தது. வாயெல்லாம் உப்பு. துப்பவில்லை.

திரும்பும் வழியில் காசியம்மாள் ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை நிர்மலாவின் மடியில் போட்டாள். "ஒண்ணு ஜாஸ்தி வாங்கிட்டன்டி. வெச்சிக்கோ."

"வேணாங்க்கா."

விளக்கு வைக்கும் நேரத்தில் வேன் தெருவில் நின்றது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி திருநீற்றுக்கு உள்ளங்கையை நீட்டினாள். "எந்தக் கோயிலும்மா?"

"கோயிலுக்குப் போவல பெரிம்மா. கோட்டை ஏறினேன். கடல்ல குளிச்சேன்."

"உம்புருசன் கோயிலுன்னானே?"

"அவரு எங்க வந்தாரு, அவருக்குத் தெரிய?"

வேனில் யாரோ சிரித்தார்கள். மாயவன் வாசலை மறித்து நின்றான். "நான் இன்னா சொன்னேன்?"

"வராதன்னு சொன்ன. வந்துட்டேன். இந்த வூட்டுச் செவுத்துக்கு நானுந்தான் மண்ணு மிதிச்சேன். தள்ளு."

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அரையடி நகர்ந்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே போய் மாற்றுச் சேலை உடுத்தி வந்தாள். உப்பு வெள்ளையாகப் பூத்திருந்த சேலையை, கொல்லைக் கொடியில் அல்ல, தெருப் பக்கக் கொடியில், முழு நீளத்துக்கும் விரித்துப் போட்டாள்.