புட்டுத் தட்டில் நான்கு ஸ்பிரிங்

1.

இந்தக் கதை என்னுடையதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1993 ஆகஸ்டில், லண்டனில் சட்டன் பக்கத்து மைதானம் ஒன்றில், ஒரு பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டுப் போட்டியன்று, மழைக்கு ஒதுங்கிய கூடாரத்துக்குள் பக்கத்துக் கதிரைக்காரரிடமிருந்து எடுத்தது. எடுத்தது என்றால் களவு அல்ல, அவராகவே தந்தார்.

"நீங்கள் கதை எழுதிற ஆள்தானே? இதை எழுதுங்கோ. ஆனா என்ரை பேரைப் போடாதேங்கோ."

அவர் மடியில் ஒரு ஹெல்மெட் இருந்தது. ஹெல்மெட்டின் மேல் ஒரு தட்டு, தட்டில் இரண்டு மட்டன் ரோல்ஸ்.

பெயரைப் போடவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா என்று மாற்றி வைத்திருக்கிறேன். எழுதி முடிப்பதற்குள் கை உளையும் பெயர்தான், ஆனாலும் எனக்கு அவர் மேல் கொஞ்சம் கோபம் இருக்கிறது. கதையின் முடிவைச் சொல்லாமல் எழுந்து போன மனிதர் அவர். ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய துரோகத்தை யார் செய்ய முடியும்?

(அன்று மேடையில் மைக் பிடித்திருந்தவரையும் இந்த இடத்திலேயே சொல்லிவைக்கிறேன். காலையில் கொடியேற்றியதிலிருந்து மனிதர் வாய் ஓயவில்லை. ஓட்டம் நடக்கும்போதும் பேசினார், மழையில் ஓட்டம் நின்றுபோனபோதும் பேசினார், தேநீரை வாயில் வைத்துக்கொண்டும் பேசினார். கதைக்குத் தேவையில்லாதவர் மாதிரித்தான் இருப்பார். மறந்துவிடாதீர்கள்.)

2.

முதல் தொடக்கம்: "1953ஆம் ஆண்டு பிறந்த அந்த மோட்டார் சைக்கிள், தன் நீண்ட வாழ்வில்…"

வேண்டாம். வண்டிகள் பிறந்ததாக எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது தொடக்கம்: "இல்ஃபோர்ட்டில் ஒரு கராஜில், ஒரு சனிக்கிழமை…"

அவர்களுக்கு ஏது கராஜ்? வரிசை வீடு. வண்டி பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே, தார்ப்பாய் போர்த்தி நின்றது.

மூன்றாவது தொடக்கம்: "ஸ்ரீஸ்கந்தராஜா பெண்சாதிக்குப் பயந்தவர் அல்ல."

இது பொய். ஆனால் நன்றாக ஓடுகிறது, வைத்துக்கொள்வோம்.

ஸ்ரீஸ்கந்தராஜா பெண்சாதிக்குப் பயந்தவர் அல்ல. பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் செய்து, மா மூட்டை தூக்கித் தூக்கி இரும்பாகிப்போன கைகள். 1986இல் அந்தப் பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிளை வாங்கினார்.* ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முன்னால், மனைவி பாலாம்பிகை பின்னால், நடுவில் ஒரு தேநீர்க் குடுவை. எப்பிங் காட்டுப் பக்கம் போய், ஒரு மரத்தடியில் இருந்து தேநீரைக் குடித்துவிட்டு வருவார்கள். வாரத்தில் ஆறு நாள் அவர் சீவித்ததே அந்த ஏழாம் நாளுக்காகத்தான் என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது ரோல்ஸைக் கடிக்கவில்லை. ஆகவே உண்மையாகத்தான் இருக்கும்.

1992இல் பாலாம்பிகை மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்துவிட்டார். வாடகைக்கு ஒரு சின்ன வண்டியை எடுத்துப் பழகி, ஒரே தடவையில் பாஸ். அன்று பின்னேரமே தார்ப்பாயை விலக்கிப் பெரிய வண்டியில் ஏறி, இடது கைப் பிடியை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், பாதி வந்தது.

"இஞ்சேருங்கோ, இதை இலகுவாக்க ஏலாதே?"

கதை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. மேலே உள்ள மூன்று தொடக்கங்களையும் நீங்கள் படித்திருக்கவே தேவையில்லை.

* எந்தக் கம்பனி வண்டி என்று சொல்லமாட்டேன். பழைய வண்டி ரசிகர்களிடம் வண்டியைப் பற்றி ஒரு குறை சொன்னால் போதும், வீடு தேடி வந்துவிடுவார்கள்.

3.

கிளட்ச் என்றால் என்ன என்று தெரியாமலே இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன். விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான். அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகள். ஸ்பிரிங்குகள் அந்தத் தட்டுகளை அமுக்கிப் பிடித்தால் இஞ்சினின் இழுவை சக்கரத்துக்குப் போகும். இடது கைப் பிடியை இழுத்தால் அமுக்கம் விட்டு இரண்டும் பிரியும். ஸ்பிரிங் தடிப்பு என்றால் பிடியும் கடினம். அந்தக் காலத்துத் தட்டுகள் எண்ணெய் பட்டால் வழுக்கும், அதனால் தடித்த ஸ்பிரிங் போட்டார்கள். இந்தக் காலத்துத் தட்டுகள் நன்றாகப் பிடிக்கும், மெல்லிய ஸ்பிரிங்கே போதும்.

(சேர்வது, பிரிவது, அமுக்கம், கணவன், மனைவி. ஒரு உவமை வாசலில் வந்து நின்று செருப்பைக் கழற்றுவது எனக்கும் தெரிகிறது. உள்ளே விடப்போவதில்லை.)

ஸ்ரீஸ்கந்தராஜாவின் கூட்டாளி செபமாலைமுத்து பார்க்கிங் என்ற ஊரில் ஒரு கடைசல் பட்டறையில் வேலை செய்தார். அடிபட்ட ஒரு ஜப்பான் வண்டியின் கிளட்சைத் தேடிப் பிடித்து, பழைய வண்டியின் தண்டில் அது உட்காரும்படி நடுத்துண்டு ஒன்றைக் கடைந்து கொண்டுவந்து கொடுத்தார்.

"பூட்டிப் பாருங்கோ அண்ணை. பேந்து உங்கடை மனுசி ஒரு விரலாலை இழுப்பா."

ஆறுதலாகச் சொன்ன சொல்தான். ஸ்ரீஸ்கந்தராஜா நன்றிகூடச் சொல்லாமல் கிளட்சை வாங்கி வைத்தார்.

4.

சனிக்கிழமை. பாலாம்பிகை கடைத்தெருவுக்குக் காரில் போயிருந்தார். ஸ்ரீஸ்கந்தராஜா வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எண்ணெயைச் சட்டியில் வடித்து, பழைய கிளட்சை வெளியே எடுத்தார். புதியது முரண்டு பிடிக்காமல் தண்டில் போய் உட்கார்ந்தது. தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். மிச்சம் ஸ்பிரிங்குகள்தான். ஜப்பான் கிளட்சோடு வந்த மெல்லிய நான்கு ஒரு பக்கம், பழைய கிளட்சின் தடித்த நான்கு மற்றப் பக்கம்.

தடித்த ஒன்றை எடுத்துப் புதிய கிளட்சின் குழியில் வைத்துப் பார்த்தார். சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது.

நான் இங்கே பேனாவைக் கீழே வைத்தேன். இந்த ஆள் நல்லவரா, கெட்டவரா? மனைவி கேட்ட ஒரே ஒரு காரியத்தைச் செய்வது மாதிரிச் செய்து, செய்யாமல் விடுகிறவரை என்னவென்று எழுதுவது? "எனக்கு அந்த நேரம் மூளை வேலை செய்யேல்லை" என்றார் என்னிடம். பொய். மூளை நன்றாக வேலை செய்திருக்கிறது, அதனால்தான் நான்கு குழியிலும் தடித்த ஸ்பிரிங்கே போனது. மெல்லிய நான்கையும் துடைத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மூடியைப் பூட்டி, கையைக் கழுவினார்.

பாலாம்பிகை வந்து பிடியை இழுத்தார். முகம் விழுந்துபோனது.

"அப்பிடியேதானே கிடக்கு."

"பழைய வண்டியெல்லே, அம்பிகை. இதுக்கு மேலை இலகுவாக்க ஏலாது. செபமாலையும் அதைத்தான் சொன்னவன்."

பாலாம்பிகை தார்ப்பாயை இழுத்து மூடினார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால், பாலாம்பிகை பின்னால், எப்பிங் காடு. தடித்த ஸ்பிரிங்கால் பிடியை மெல்ல விட முடியாததால் வண்டி ஒவ்வொரு தடவையும் முதல் கியரில் ஒரு குதி குதித்துத்தான் கிளம்பியது. ஒவ்வொரு குதிக்கும் தன் நெஞ்சும் ஒருக்கால் இடித்தது என்றார். அதுமட்டும் உண்மை என்று வைத்துக்கொள்கிறேன்.

5.

(ஐந்தாம் பகுதியில் ஸ்ரீஸ்கந்தராஜா தூக்கம் வராமல் புரண்டார். வாசித்துப் பார்த்தேன், எனக்குத் தூக்கம் வந்தது. அடித்துவிட்டேன்.)

6.

களவு செய்யலாம், ஆனால் காற்சட்டையைத் தோய்க்கக் கொடுக்கக்கூடாது. ஸ்ரீஸ்கந்தராஜா கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் வேலையால் வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பாலாம்பிகை தட்டை வைத்தார். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, வழக்கமாகச் சம்பல் இருக்கும் இடத்தில் நான்கு ஸ்பிரிங். சலவை இயந்திரத்தில் ஒரு மணி நேரம் உருண்டதில் வெள்ளி போல மின்னின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவருக்கு அதைப் புட்டோடு பரிமாறிவிட்டார்.

"செபமாலையண்ணைக்கு ஃபோன் பண்ணிக் கேட்டனான், இது என்னெண்டு" என்றார் பாலாம்பிகை. குரலை உயர்த்தவில்லை. "அவர் பாவம், என்னெண்டு தெரியாமல் எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னவர்."

ஸ்ரீஸ்கந்தராஜா புட்டைப் பார்த்தார், ஸ்பிரிங்கைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கு வாயாவது மிஞ்சவேண்டும் அல்லவா?

"விழுந்து கிழுந்து போனீரெண்டால்…"

"அது காரணமில்லை."

"சங்கத்து ஆக்கள் கண்டாங்களெண்டால், மைக்கிலை வைச்சே பகிடி பண்ணுவாங்கள். மனுசிக்குப் பின்னாலை குந்திக்கொண்டு போறான் எண்டு."

"அதுவும் முழுக் காரணமில்லை."

அவர் புட்டை விரலால் கிளறினார். அதன் பிறகு சொன்னதை அவர் என்னிடம் சொன்னபடியே, கைவைக்காமல் தருகிறேன்.

"இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு எல்லாத்திலையும் நீர்தான் முன்னுக்கு. இங்கிலிஷ் நீர் முதல் பிடிச்சனீர். கார் லைசென்ஸ் நீர் எடுத்தனீர், நான் நாலு தரம் ஃபெயில். கவுன்சிலுக்குப் போனாலும், டொக்டரிட்டைப் போனாலும் நீர் கதைக்கிறீர், நான் பின்னாலை கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறன். எனக்கு அதிலை கோபமில்லை. ஆனா நீர் எனக்குப் பின்னாலை இருக்கிற ஒரேயொரு இடம் அந்த மோட்டச்சைக்கிள்தான். அதையும் குடுத்திட்டு நான் என்னத்தோடை இருக்கிறது?"

பாலாம்பிகை எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆறு வருசமா ஒவ்வொரு ஞாயிறும் உங்களோடை வந்திருக்கிறன். எப்பிங் ரோட்டு எப்பிடி இருக்குமெண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் கண்டது உங்கடை ஜாக்கெட்டின்ரை முதுகைத்தான். அதிலை எத்தினை தையல் விட்டிருக்கெண்டு சொல்லுவன். எனக்கும் ரோட்டைப் பாக்கோணும் எண்டு ஆசையிருக்காதே?"

ஸ்பிரிங் நான்கையும் அவர் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"நான் பூட்டச் சொல்லேல்லை. உங்கடை வண்டி. நீங்களே யோசியுங்கோ."

கூடாரத்தில் ஸ்ரீஸ்கந்தராஜா இங்கே நிறுத்தி, ஒரு ரோல்ஸைக் கடித்து, நிதானமாக மென்றார். "பேந்து என்ன செய்தனீங்கள் அண்ணை?" என்று நான் கேட்டேன். "பேந்து…" என்று வாயைத் துடைத்தார்.

அப்போதுதான் ஒரு கையில் ஹெல்மெட்டோடு பாலாம்பிகை வந்தார். "இஞ்சேருங்கோ, மழை விட்டிட்டுது. போவமே?"

அவர் எழுந்துவிட்டார். தட்டை என் கையில் தந்தார். "மிச்சத்தை நீங்களே எழுதுங்கோ" என்றார். வண்டிச் சாவி யார் கையில் இருந்தது என்று கேட்காதீர்கள். தட்டில் மிஞ்சியிருந்த ரோல்ஸை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

7.

முடிவு அ: அவர் கண்கலங்கி, சாப்பிடாமலே எழுந்துபோய்ப் பின்வளவில் கிளட்ச் மூடியைக் கழற்றத் தொடங்கினார்…

இல்லை. யாழ்ப்பாணத்து மனிதர் புட்டை வைத்துவிட்டு எழும்ப மாட்டார்.

முடிவு ஆ: மெல்லிய ஸ்பிரிங்கைப் பூட்டிக் கொடுத்தார். பாலாம்பிகை ஓட்டினார். முதலாவது சந்தியிலேயே இஞ்சின் நின்றுபோனது. "நீங்களே ஓட்டுங்கோ" என்று சிரித்தபடி இறங்கி…

இதை எழுதிய கையில் நானே ஒரு அடி போட்டேன். ஒரே தடவையில் பாஸ் பண்ணிய பெண் என் வசதிக்காக ஏன் இறங்கவேண்டும்?

முடிவு இ: பாலாம்பிகை முன்னால், ஸ்ரீஸ்கந்தராஜா பின்னால். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு ஒரு சிக்கல் விளங்கியது. கையை எங்கே வைப்பது? ஆறு வருடமாகப் பின்னால் இருப்பது ஒரு வேலையே இல்லை என்று நினைத்திருந்தவர். முதலில் தொடையில் வைத்தார். பிறகு சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்தார். கான்ட்ஸ் ஹில் வட்டச்சந்தியில் வண்டி சரிந்து திரும்பியபோது, ஊர் பார்க்க, பஸ் பார்க்க, மனைவியின் இடுப்பைக் கட்டிப் பிடித்துவிட்டார். கலியாணம் முடித்து இருபத்தைந்து வருடத்தில் தெருவில் அவர் பாலாம்பிகையின் விரலைக்கூடத் தொட்டதில்லை. சந்தி தாண்டியும் கையை எடுக்க மறந்துபோனார்.

இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேனா, நடக்கவேண்டும் என்று ஆசைப்படுவதை எழுதுகிறேனா?

8.

நடந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு நான் கூடாரத்துக்குள், மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். பின்னால் அந்தப் பழைய இஞ்சினை உதைக்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் உதையில் பற்றிக்கொண்டது. கியர் விழுந்தது. நான் அந்தக் குதிக்காகக் காதைக் கொடுத்துக் காத்திருந்தேன்.

குதி வரவில்லை. ஈரப் புல்லின் மேல் வண்டி வழுக்கினாற்போல மெதுவாக நகர்ந்தது.

ஆகவே மூடி திரும்பக் கழற்றப்பட்டிருக்கிறது. மெல்லிய நான்கும் தங்கள் குழிக்குள் போய்விட்டன. அதைச் செய்தது அவருடைய கைகள்தான். இவ்வளவுக்கு நான் உத்தரவாதம்.

யார் முன்னால் இருந்தார்? திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். திரும்பவில்லை. ஒன்று, கையில் ரோல்ஸ் இருந்தது. மற்றது, அந்த மனிதர் பயந்த பார்வை என்னுடையதாக இருக்கவேண்டாம் என்று நினைத்தேன்.

வண்டி மேடையைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. அந்த நேரம் மைக்கில் நூறு மீற்றர் ஓட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அடுத்ததாக, பத்து வயசுக்குக் கீழ்ப்பட்ட…" என்றார்.

அதோடு நிறுத்திவிட்டார். காலையிலிருந்து ஓயாத அந்த வாய், வண்டிச் சத்தம் வாசலைக் கடந்து தெருவுக்குள் கரையும் வரைக்கும் திறக்கவேயில்லை.

ஏன் என்று எழுதவேண்டியது நான் இல்லை. நீங்கள் மேடையைப் பார்த்தபடிதானே இருந்தீர்கள்? சொல்லுங்கள்.