செவலையின் மணி

குஞ்சுகள் பறக்கும்வரை மேய்ச்சல் ஓடைக்கு இந்தப் பக்கம்தான், அக்கரையில் கூடுகட்டிய பறவைகள் மிரளும் என்பதால் மாட்டுக்கு மணியும் கூடாது என்றுவிட்டார் வனக்காவலர். மாட்டுக்காரி முணுமுணுத்துக்கொண்டே எல்லா மணிகளையும் கழற்றினாள். கணவன் போனபின் அவளுக்குப் பேச்சுத்துணையாக இருந்ததே அந்தச் சத்தம்தான்.

ஒருநாள் ஓடைக்கு அப்பால் மணி கேட்டது. செவலைப்பசுவின் விரிசல் மணியேதான். கழற்ற மறந்துவிட்டோமோ!

"அடி திருட்டுக் கழுத, மானத்த வாங்கிட்டியேடி!" என்று கம்போடு கரைக்கு ஓடினாள்.

செவலையோ அவள் முதுகுக்குப் பின்னால் வெறுங்கழுத்தோடு மேய்ந்துகொண்டிருந்தது. எதிர்க்கரைக் கிளையில், கேட்ட சத்தத்தையெல்லாம் அப்படியே பாடிக்காட்டும் கரிச்சான் குருவி ஒன்று மணியடித்துக்கொண்டிருந்தது.

கம்பைப் போட்டுவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்தாள்.

"மெதுவா அடி," என்றாள். "காவலரு கேட்டா உன்னையும் கழட்டச் சொல்லிடுவாரு."