அழிப்பதற்கு ஒரு படி முன்னால்

அந்த அலுவலகத்தில் கணினி நிரலின் ஒரு வரியைத் தொட்டு, இதை யார் எழுதியது என்று, ஒவ்வொரு மாற்றமும் ஒரு படியாகச் சேமிக்கப்பட்டிருக்கும் பழைய பதிவுகளில் தேடினால், எழுதியவரே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எழுதிய நேரத்தில் எப்படி இருந்தாரோ அப்படியே: சளி பிடித்திருந்தால் தும்முவார், சாப்பிடாமல் எழுதியிருந்தால் வயிறு கத்தும். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வேறு கம்பெனிக்குப் போனவர்கள்கூட வந்தார்கள். முதலில் பயந்த நிர்வாகம், கூடுதலாக நாற்காலிகள் வாங்கிப் போட்டதோடு விஷயத்தை மறந்துவிட்டது.

அங்கே வேலை பார்த்த சின்னவன் காய்ச்சலில் இறந்த வருடமே, பயணக் கட்டணம் கணக்கிட அவன் எழுதிய நிரல் கோப்பையும் பழசாகிவிட்டது என்று நீக்கிவிட்டார்கள். அதே அலுவலகத்தில் வேலை பார்த்த அவன் அக்கா அதைத் தேடினாள். நீக்கிய பதிவில் போய் நின்றால் வெறும் திரைதான். அதற்கு ஒரு படி முன்னால் போய் நின்றபோது வரிகள் எல்லாம் இருந்தன. நகத்தைக் கடித்தபடி அவனும் இருந்தான். "அக்கா, இன்னும் ஒரே வரி, வந்துடறேன்" என்றான், அன்று சாப்பிடக் கூப்பிட்டவளுக்குச் சொன்னதையே. அடுத்த வரியிலும் அதையே சொன்னான். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை அவள் அங்கேயே வைத்துக்கொண்டாள். "செத்தும் உன் தம்பி லீவு போட மாட்டேங்கறான்" என்று சொன்ன பக்கத்து மேசைக்காரர், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் அம்மா ஒரே பிடியாக நின்றாள். "அழிச்ச இடத்துல எதுக்குடி அவன் இருக்கணும்? எடுத்து வெளிய வை." மகளுக்கும் அதுதான் ஆசை. கோப்பை ஒரு எழுத்து விடாமல் மீட்டுப் பழைய இடத்தில் வைத்தாள். அம்மாவை அழைத்து வந்து முதல் வரியைத் தொட்டாள். வந்து உட்கார்ந்தது மகளேதான், அன்று காலை அழுது வீங்கிய கண்களோடு. அடுத்த வரிக்கும் அவளே. கடைசி வரி வரை அவளே. மீட்டு வைத்தவர் பெயருக்கே வரிகள் எல்லாம் மாறிவிடும் என்பது தினமும் அந்த வேலையைச் செய்கிறவளுக்குத் தெரியாததல்ல, அன்று தோன்றவில்லை.

"நீ எதுக்குடி ரெண்டா இருக்கே?" என்றாள் அம்மா. "அவன் எங்க?"

மகள் கோப்பைத் தன் கையாலேயே அழித்தாள். அம்மா தடுக்கவில்லை. பிறகு மகள் முதல் அழிப்புக்கும் ஒரு படி முன்னால் போனாள். இந்த முறை ஈரத் தலையோடு வந்தான். அம்மா கைக்குட்டையை எடுத்து அவன் தலை வரை கொண்டுபோய், தொடாமலே திரும்பத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அம்மா வாரம் ஒருமுறை வந்தாள். தப்பாக எழுதிவிட்டு அவன் தனக்குத் தானே சிரித்துக்கொண்ட ஒரு வரி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வாசலில் காவலாளி யாரைப் பார்க்கணும் என்று கேட்பார். "பையனை" என்பாள். அவர் கதவைத் திறந்துவிடுவார்.