மறுபடி வந்ததை நீக்கு

ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யச் சொன்னால் என் தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சின்ன வயதில் பல் தேய்க்கவே ஒரு மெஷின் கண்டுபிடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். இன்று வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று நான் கிண்டல் செய்வேன்.

அப்பாவுக்கு இணையத்தில் ஒரு பிளாக் ஆரம்பித்துக் கொடுத்தவன் அவன்தான். அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஓய்வு பெற்று, அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு என்னோடு வந்துவிட்டார். என் கணவருக்கு வேலை வெளியூரில். அதனால் வீட்டில் நான், அப்பா, என் மகள் குட்டி, மூன்று பேர்தான். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரிடம், “தெரிஞ்சத எழுதுங்கப்பா, நாலு பேருக்கு உதவும்” என்றான் தம்பி. உதவத்தான் செய்தது. கியர் மாற்றக் கை நடுங்குகிறவர்களெல்லாம் அவரிடம் சந்தேகம் கேட்டார்கள். அப்பாவுக்கு முகத்தில் களை வந்தது.

எழுதுவது அவர், அதை மனிதர்கள் படிக்கும்படி ஆக்குவது நான். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் பகலெல்லாம் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்க வீட்டுக்கு வந்தால், அப்பா ஒற்றை விரலால் போனில் தட்டியது காத்திருக்கும். வரிக்கு வரி வெற்றிடம். முற்றுப்புள்ளி ஒன்று வேண்டிய இடத்தில் எறும்பு வரிசை. தலைப்பு எது, விஷயம் எது என்று தெரியாது. போதாக்குறைக்குக் கை தவறி ஒரே பத்தியை இரண்டு தடவை ஒட்டியிருப்பார். திட்டிக்கொண்டேதான் சரிசெய்வேன். ஒருநாள் தம்பியிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

“இதெல்லாம் மனுஷங்க செய்யற வேலையாக்கா? விடு, நான் பாத்துக்கறேன்” என்றவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சின்னச் சின்னதாகச் சில ஸ்க்ரிப்ட், அதாவது தானாக ஓடும் புரோகிராம், எழுதினான். ஒன்று வெற்று வரிகளை விழுங்கும். ஒன்று புள்ளிகளைக் குறைக்கும். ஒன்று தலைப்பைத் தடிமனாக்கும். கடைசியாக ஒன்று, வந்த பத்தியே மறுபடி வந்தால், சொற்கள் கொஞ்சம் மாறியிருந்தாலும், முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடும். அப்பா எழுதியதைப் போனிலிருந்து அனுப்பினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்து பதிவு வெளியாகிவிடும். எனக்குக் கைவிலங்கைக் கழற்றிவிட்டது போலிருந்தது. அதன்பிறகு நான் பிளாக் பக்கமே போகவில்லை. ஆயுசுக்கும் போதுமான அளவு கிளட்ச்சைப் பற்றி ஏற்கெனவே படித்தாயிற்று.

நாளாக ஆகப் பதிவுகள் சிறுத்துக்கொண்டே வந்தன. “மாஸ்டர், இப்பல்லாம் சும்மா நச்சுனு எழுதறீங்க” என்று வாசகர்கள் பாராட்டினார்களாம். அப்பா அதைச் சாப்பிடும்போது சொல்வார். சொன்னதையே கை கழுவும்போதும் சொல்வார். அதில் எங்களுக்கு என்ன ஆச்சரியம்? “கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு” என்று நாளெல்லாம் சொல்லியே குடும்பத்தைக் காப்பாற்றியவர். எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்தி நாங்கள் பார்த்ததே கிடையாது. “அப்பா, எனக்கு லைசென்ஸ் கெடச்சு வருஷக்கணக்காச்சு, விடுங்க” என்பேன். குட்டி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவளைக் காலையில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் அப்பாதான், எங்கள் காரில். மற்ற அம்மாக்கள் பிள்ளைகள் போகும் வேனை நினைத்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது, நான் நிம்மதியாக இருந்தேன்.

அன்று மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கூட்டமில்லை. பொழுது போகாமல் அப்பாவின் புதுப் பதிவைத் திறந்தேன். வண்டியைப் பின்னால் எடுப்பது பற்றி எழுதியிருந்தார். ‘முதலில் இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார். கண்ணாடியில் தெரியாத உயரத்தில் குழந்தை நிற்கலாம்.’ நன்றாக இருந்தது. அடுத்த பத்தியும் அதுவே. அதற்கடுத்ததும் அதுவே. விரலால் தள்ளத் தள்ள அதே பத்தி வந்துகொண்டே இருந்தது. கீழே ஒரு புண்ணியவான், ‘மாஸ்டர், வண்டி இன்னும் கிளம்பவே இல்லையா?’ என்று சிரித்திருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியைக் கூப்பிட்டேன்.

“அப்பா பிளாக்கப் பாருடா. உன் ஸ்க்ரிப்ட்டுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு. ஊரே சிரிக்குது.”

“அய்யோ. நேத்துதான்கா எல்லாத்தையும் வேற கம்ப்யூட்டருக்கு மாத்தினேன். இரு, லைன்லயே இரு.”

அவன் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“என்னடா ஆச்சு?”

“அக்கா, ஸ்க்ரிப்ட் எதுவும் ஓடவே இல்ல. அப்பா அனுப்பினது அப்படியே வெளிய வந்திருக்கு.”

“அப்ப கை தவறி ஒட்டியிருப்பார்.”

“ஒட்டலக்கா. ஒவ்வொண்ணுலயும் வார்த்தை கொஞ்சம் கொஞ்சம் மாறுது. எழுதினதே ஞாபகமில்லாம ஒவ்வொரு தடவையும் புதுசா உக்காந்து அடிச்சிருக்கார்.” அவன் குரல் இறங்கிவிட்டது. “அவர் அனுப்பின பழசெல்லாம் இங்க அப்படியே கெடக்கு. இப்பதான் தொறந்து பாக்கறேன். போன வருஷத்துலேர்ந்தே இப்படித்தான். வரவரக் கூடிக்கிட்டே வந்திருக்கு. என் ஸ்க்ரிப்ட் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நமக்கு மொதல் பத்திய மட்டும் காட்டியிருக்குக்கா.”

அவன் அழ ஆரம்பித்தான். எனக்கு அழுகை வரவில்லை. போனுக்குள் கையை விட்டு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அப்புறம்தான் சுவரில் மணியைப் பார்த்தேன். பள்ளி விட்டிருப்பார்கள்.

அப்பா போனை எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். பள்ளி ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்தான். தெரு திரும்பும்போதே எங்கள் கார் தெரிந்தது. பள்ளி வாசலுக்குச் சற்று மேலே, தெரு இறக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நிற்கவில்லை, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. பின்சீட்டு ஜன்னலில் குட்டியின் முகம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆள் இல்லை. பக்கத்து சீட்டில், காலமெல்லாம் தான் உட்கார்ந்த மாஸ்டர் சீட்டில், அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஹேண்ட் பிரேக்கை அவரே எடுத்துவிட்டிருக்கிறார்.

கத்திக்கொண்டே ஓடினேன். கதவுப் பிடி விரலில் பட்டு நழுவியது. வண்டி வேகமெடுத்து, என் கண் முன்னால் பள்ளிச் சுவரில் மோதியது.

குட்டியை வெளியே இழுத்தேன். வாயெல்லாம் ரத்தம். வலது கை தொங்கியது. “தாத்தாட்ட நிறுத்தச் சொன்னேம்மா” என்றாள்.

அவளை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபக்கம் போய் அப்பாவின் கதவைத் திறந்தேன். நெற்றி வீங்கியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கற்றுக்கொடுக்கிற கார்களில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இது வீட்டுக் கார். அப்பாவின் வலது கால் வெறும் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. தொடை நடுங்க நடுங்க, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

காலியாக இருந்த டிரைவர் சீட்டைப் பார்த்து, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்.

“பயப்படாத. பிரேக் என் கால்லதான் இருக்கு. பயப்படாத. பிரேக் என் கால்லதான் இருக்கு.”